என் கதையில் பாதியைச் சொன்ன மகனுக்கு

தம்பி,

இந்தக் கடிதத்தை நான் உறைக்குள் போட்டு ஒட்டப் போவதில்லை. ஒரு பிரதி உனக்கு வரும். இன்னொன்றைப் பிள்ளைக்காம்பராக் கதவில் ஒட்டுவேன். கொழுந்து பறிக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுப் போகிற வாசல் அது. படிக்கத் தெரிந்தவர்கள் நின்று படிக்கட்டும், தெரியாதவர்களுக்கு நானே படித்துக் காட்டுகிறேன். வீட்டு விஷயத்தை அம்மா ஏன் வெளியே கொண்டு போகிறாள் என்று உனக்குக் கோபம் வரும். முதலில் கொண்டு போனது நீதான். என்னைப் பற்றி ஊர் உலகம் எல்லாம் பார்க்க நீ பேசினாய். அதனால் நானும் எல்லோர் முன்னாலும் பேசுகிறேன். போனில் சொல்லிப் பார்த்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பேசி முடித்துவிடுகிறாய். பேச்சு உன் தொழில், அதில் உன்னோடு என்னால் ஈடுகொடுக்க ஏலாது. எழுத்தில் மட்டும்தான் நீ குறுக்கே விழ முடியாது.

உன்னை நான் குறை சொல்ல மட்டும் எழுதவில்லை. கொழும்பில் ரேடியோவில் உன் குரல் முதன்முதலாக வந்த அன்று உன் அப்பா வேலைக்குப் போகவில்லை. ரேடியோவை ஜன்னலில் தூக்கி வைத்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார். கொரோனா வந்து ஊரை அடைத்த பிறகு அந்த வேலை போனபோது, நீ திரும்பி வந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ வாடகை அறையிலிருந்தே போனை வைத்து வீடியோவில் பேசத் தொடங்கினாய். எங்கள் தோட்டத்துக்கு அரிசி மாவு வரவில்லை என்று பேசினாய். கஹவத்தை டவுனுக்குப் போகப் பஸ் இல்லாமல், மருந்து முடிந்து கிடந்த கிழவர்களைப் பற்றிப் பேசினாய். கடைகளில் வேலை பார்த்த நம் பிள்ளைகள் கொழும்பில் ஒரே அறையில் அடைபட்டுக் கிடப்பதை நீயே போய்ப் பார்த்துக் காட்டினாய். அதற்குப் பிறகுதான் சாமான் லொறி மேலே ஏறி வந்தது. லயத்தில் உன் பெயரைச் சொன்னாலே முகம் மலர்ந்தார்கள். எனக்கும் தலை நிமிர்ந்துதான் இருந்தது. அப்போது நீ பேசியதெல்லாம் நீ கண்ணால் பார்த்தது. அதனால்தான் பிறகு நீ பார்க்காததைப் பேசியபோதும் யாரும் சந்தேகப்படவில்லை.

கொரோனாவுக்கு ஊசி வந்தது. முதலில் கர்ப்பிணிகளுக்கு வேண்டாம் என்றார்கள், பிறகு கட்டாயம் போட வேண்டும் என்றார்கள். இப்படி மாற்றிப் பேசுகிறவர்களை எப்படி நம்புவது என்று நீ கேட்டது நியாயம்தான். நானும் அதையேதான் கேட்டேன். நம் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் கேட்டேன். நீ படிக்கிற காலத்தில் இருந்தவர் இல்லை, இவர் பிறகு வந்தவர், சிங்களப் பெண். கீழே ரோட்டில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு, அட்டைக்கடியோடு ஒவ்வொரு லயமாக ஏறி வருகிறவர். அவருடைய தமிழ் உடைந்த தமிழ். "அப்ப தெரியாது அம்மே. இப்ப தெரியும். நாளைக்கு வேற மாதிரி தெரிஞ்சா, நாளைக்கும் வந்து சொல்றேன்" என்றார். பிறக்கப் போகிற பிள்ளைக்கு இருபது வயதில் என்ன ஆகும் என்று ஒருத்தி கேட்டாள். "மம தன்னே நே" என்றார், எனக்குத் தெரியாது என்று. தெரியாததைத் தெரியாது என்று ஒரு உத்தியோகத்தர் நம் லயத்து வாசலில் நின்று சொல்லி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

அந்த வாரம்தான் உன்னுடைய அந்த வீடியோ வந்தது. "நம்ம சனத்தத் தேடி மலைக்கு மேல ஏறி வந்து ஏன் ஊசி போடுறாங்க? எதுக்கு இவ்வளவு அக்கற? எங்கம்மாவக் கேளுங்க, அவங்களுக்கு என்ன செஞ்சாங்கன்னு" என்று தொடங்கினாய். பிறகு என் கதையைச் சொன்னாய். உன் அப்பாவின் போனில் நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நாங்கள் இரண்டு பேருமே இத்தனை வருஷமாக வாய் திறந்து பேசிக்கொள்ளாத விஷயம் அது.

அதை நான் உனக்குச் சொன்னது நீ ஏ.எல். படிக்கும்போது. ஏன் அக்காவும் நானும் மட்டும், எனக்கு ஒரு தம்பி இருந்திருக்கலாமே என்று விளையாட்டாகக் கேட்டாய். நான் அழுதேன், நீ பயந்துபோனாய், அதனால் முழுவதையும் சொன்னேன். இப்போது கதவில் ஒட்டப் போகிற காகிதத்தில் மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் நீ சொன்னது பாதி. உனக்கு நடக்கத் தெரிந்த வயது. கர்ப்பப்பை சோதனை என்று சொல்லி எங்களைத் தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். யாரும் எதையும் விளக்கவில்லை. கைநாட்டு வை என்றார்கள், எனக்குக் கையெழுத்தே போடத் தெரியும் என்று சொன்னதற்குச் சிரித்தார்கள். இனிமேல் பிள்ளை வேண்டாம் என்று நான் முடிவு செய்யவில்லை, தம்பி. எனக்காக வேறு யாரோ முடிவு செய்தார்கள். இதுவரைக்கும் நீ சொன்னாய். ஒரு வார்த்தை கூட நீ பொய் சொல்லவில்லை.

நீ விட்ட மீதி இது. வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஆபரேஷன் புண் சீழ் பிடித்தது. உடம்பு கொதித்து, உன்னைக் கூட அடையாளம் தெரியாமல் கிடந்தேன். உன் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுபடி அவர்களிடமா என்று நான் கத்தினேனாம். அங்கே ஒரு பெண் டொக்டர் என்னைப் பார்த்தார். என் கட்டிலில் உட்கார்ந்து, எனக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று அவர்தான் முதன்முதலாகச் சொன்னார். என்னைக் கேட்காமல் செய்தது தப்பு என்றும் சொன்னார். புண் ஆறும்வரை தினமும் வந்து பார்த்தார். பொய் சொன்னவர்களும் ஆஸ்பத்திரிக்காரர்கள். உயிரைக் காப்பாற்றி உண்மையைச் சொன்னவரும் ஆஸ்பத்திரிக்காரர்தான். அந்த டொக்டரைப் பற்றி உனக்கு நான் அன்றைக்கே சொன்னேன். அவர் கட்டியிருந்த சேலையின் நிறத்தைக் கூடச் சொன்னேன். வீடியோவில் அவருக்கு இடம் இல்லாமல் போய்விட்டது.

உன்னிடம் போனில் இதைக் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "அம்மா, ஊசி போடாதீங்கன்னு நான் எங்கயும் சொல்லல. கேள்விதான் கேட்டேன்." அதற்குப் பதிலை இப்போது எழுதுகிறேன். கேள்வி கேட்டவன் பதில் வரும்வரை நின்றிருக்க வேண்டும். நீ கேட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டாய். அந்தக் கேள்வி இங்கே லயத்தில் தங்கிவிட்டது.

சசிகலா என்னிடம் வந்தாள். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கதவில் படிக்கிறவர்களில் வெளியிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். எங்கள் அடுத்த காம்பராப் பெண். தாயார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன நாளெல்லாம் என் கையில் வளர்ந்தவள், உன்னை அண்ணன் என்று கூப்பிடுகிறவள். மோகனைக் கட்டி, வெகுநாள் காத்திருந்து அப்போதுதான் வயிற்றில் ஏழு மாதம். "பெரியம்மா, அண்ணன் சொன்னது உண்மையா? ஒங்களுக்கு அப்பிடிச் செஞ்சாங்களா?" என்று கேட்டாள். உண்மைதான் என்றேன். ஆனால் அது வேறு, இது வேறு, மிஸ்ஸி சொல்கிறபடி நீ போய்ப் போட்டுக்கொள் என்று மீதியையும் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் உண்மை என்ற அந்த ஒரு சொல்லோடு அவள் காது அடைத்துவிட்டது, எனக்கே தெரிந்தது. மோகன் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லியிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு வந்த பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட அன்று அவர்கள் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. அந்தக் கதவு மட்டும் இல்லை. மிஸ்ஸி கதவு கதவாகத் தட்டிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். உள்ளே ஆள் இருக்கிற சத்தம் கேட்கும், கதவு திறக்காது.

பிறகு எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கத் தொடங்கியது. லயத்துச் சுவர் எப்படி என்று உனக்குத் தெரியும், பக்கத்தில் பெருமூச்சு விட்டாலும் கேட்கும். கொத்தமல்லி கொதிக்கிற வாசம் வந்தது. ஆவி பிடிக்கிற சட்டி விளிம்பு தரையில் உரசுகிற சத்தம் வந்தது. நான் போய்க் கேட்டால் மோகன் வாசலை மறித்துக்கொண்டு, சளித் தடிமன்தான் பெரியம்மா, வெளியே சொல்லிவிடாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று கெஞ்சினான். இன்னொரு வீடியோவில் நீ சொன்ன கைமருந்தை எல்லாம் சொன்னபடியே செய்கிறான், காலையும் மாலையும் உன் வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறான். நம்மளுக்கு எதுக்கு, அவன் பெண்சாதி அவன் பார்த்துப்பான் என்று உன் அப்பா சொன்னார். ஒரு மத்தியானம் இருமல் நின்றுவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மோகனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரும மூச்சு இல்லை. உதடு நாவல்பழம் தின்றவள் உதடு மாதிரி இருந்தது.

நான்தான் மிஸ்ஸிக்குப் போன் செய்தேன். அவர் வந்து அவள் விரலில் ஒரு சின்னக் கருவியை மாட்டிப் பார்த்தார், அதைப் பார்த்த உடனேயே சிங்களத்தில் யார் யாருக்கோ போன் பேசத் தொடங்கிவிட்டார். அம்புலன்ஸ் நம் ரோட்டில் ஏறாது. கதிரையில் உட்கார வைத்து மோகனும் இன்னொரு பையனும் கீழே ரோடுவரை தூக்கினார்கள். நான் பக்கத்திலேயே நடந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"அண்ணங்கிட்ட சொல்லாதீங்க பெரியம்மா. மனசு கஷ்டப்படும்."

மூச்சுக்குத் தவிக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளை செலவழித்த வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு அவள் பேசி நான் கேட்கவில்லை. இரத்தினபுரிக்குக் கொண்டு போனார்கள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்துவிட்டார்கள், பெண் பிள்ளை. சசிகலாவுக்கு மூச்சுக் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் ஒரு டொக்டர் மோகனுக்குப் போன் எடுத்துச் சொல்வார். மோகனுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும், இருந்தாலும் எதுவும் விளங்காதவன் மாதிரி போனை என்னிடம் தருவான். கடைசிப் போனையும் நான்தான் வாங்கினேன். எங்கள் லயம் முழுவதையும் தனிமைப்படுத்தி வைத்திருந்தார்கள், அதனால் மோகன் கூடப் போகவில்லை. பெட்டியை மூடியபடியே எரித்துவிட்டார்கள். அவளுக்கு மஞ்சள் பூச, வாய்க்கரிசி போட ஒருத்தர் இல்லை. அவள் தாய் லயத்து வாசலிலேயே தரையில் விழுந்து அழுதாள், பக்கத்தில் போய்த் தொடக்கூட எங்களை விடவில்லை.

அவள் கேட்டபடி நான் உன்னிடம் சொல்லவில்லை. உன் மனது கஷ்டப்பட வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஆனால் யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் நீ அவளைப் பற்றிப் பேசினாய். பெயர் சொல்லவில்லை, நம் தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி என்றாய். ஆஸ்பத்திரிக்கு நடந்து போன பிள்ளை பெட்டியில் போனாள், உள்ளே என்ன நடந்தது என்று யார் கேட்பது என்றாய். தம்பி, அவள் நடந்து போகவில்லை. கதிரையில் தூக்கிப் போனோம். கால் இரண்டும் தொங்கிக்கொண்டு போனது, ஒரு செருப்பு வழியில் விழுந்தது, திரும்பி வரும்போது நான் எடுத்து வந்தேன். நீ அங்கே இல்லை. நான் இருந்தேன். உன் குரல் அந்த வீடியோவில் தழுதழுத்தது. அது நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும், நான் பெற்ற குரல் அது. நீ உண்மையாகவே அழுதாய். உண்மையாக அழுதுகொண்டே பொய்யைச் சொன்னாய். எனக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான்.

அதற்குப் பிறகு இங்கே நிலைமை இன்னும் மோசம். சசிகலாவைப் பார்த்தாவது பயந்து ஊசிக்கு வருவார்கள் என்று மிஸ்ஸி நினைத்தார். மாறாக, ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் செத்தாள் என்று பேச்சாகிவிட்டது. காய்ச்சல் வந்தவர்கள் ரப்பர் காட்டுக்குள் போய் ஒளிகிறார்கள். மேல் லயத்தில் இன்னும் இரண்டு பெண்கள் பிள்ளை வயிற்றோடு இருக்கிறார்கள், இரண்டு வீட்டுக் கதவும் சாத்திக் கிடக்கிறது. நான் போய்த் தட்டினேன். ஒருத்தி உள்ளேயிருந்தே, "ஒங்க மகன் சொல்றதத்தானே கேக்குறோம், நீங்களே இப்பிடிச் சொன்னா எப்பிடி" என்றாள். நான் வாசலில் நின்று என் கதை முழுவதையும் சொன்னேன். லொறியையும் சொன்னேன், கட்டிலில் வந்து உட்கார்ந்த டொக்டரையும் சொன்னேன். ஆம்பிளைகள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இந்த வயதில் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. கதவு திறக்கவில்லை. நான் அறுபது வருஷமாக இந்த லயத்தில் இருக்கிறவள், அந்தப் பெண்களின் பீ மூத்திரம் அள்ளியவள். போனுக்குள் இருக்கிற உன் முகம் என்னைவிட அவர்களுக்கு அருகில் இருக்கிறது.

உன் அப்பா மட்டும் போனார். சசிகலாவின் எட்டாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார். அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றார். மகனுக்குத் தலைகுனிவாகிவிடும் என்றார். அன்று ரேடியோவை வைத்த ஜன்னலில் இப்போது போனை வைப்பதில்லை. உன் குரல் பக்கத்து வீட்டில் கேட்டால் எழுந்து தண்ணீர்ப் பீலிப் பக்கம் போய்விடுகிறார்.

டொக்டர்மாரை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று நான் சொல்லவில்லை. என் உடம்பில் தழும்பு இருக்கிறது, நான் எப்படிச் சொல்வேன்? யாரை நம்புவது என்று நானும் இந்த மாதங்களில் நிறைய யோசித்தேன். எனக்குத் தெரிந்தவரை, பெயர் பெரியதா படிப்புப் பெரியதா என்பதை விட, நான் திருப்பிக் கேட்டால் நிற்கிறவரா என்று பார்க்க வேண்டும். லொறிக்காரர்கள் நிற்கவில்லை. இந்த மிஸ்ஸி நிற்கிறார், திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிறார், சொன்னது பிழையாகிப் போனால் அதையும் இதே வாசலில் வந்து ஒத்துக்கொள்ள வேண்டியவர். நீ நிற்கிறாயா? உன் வீடியோவுக்குக் கீழே சசிகலாவின் சித்தப்பா மகன் ஒருத்தன் நடந்ததை எழுதினானாம். மறுநாள் பார்த்தால் அதைக் காணவில்லையாம். அதை நீ அழித்தாயா, வேறு யாராவது அழித்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

இப்போது இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்தைச் சொல்கிறேன். நேற்று மோகன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு வந்தான். இனி மலைக்கு வேலைக்குப் போகிறான், பகலில் பிள்ளை என்னிடம் இருக்கும். இளைத்துவிட்டான், தாடி. பிள்ளைக்குச் சசிகலாவின் நெற்றி. என் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றான். பிறகு போனை எடுத்து உன் வீடியோவைக் காட்டினான், ஆஸ்பத்திரிக்கு நடந்து போன பிள்ளை என்று நீ சொல்கிற அந்த இடத்தை. நிறுத்தினான், மறுபடி போட்டான். கதிரையின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கித் தூக்கிப் போனவன் அவன்தான்.

"பெரியம்மா, ஒங்க மகன் சொல்றது சரிதானே? ஆஸ்பத்திரியில ஏதோ செஞ்சிட்டாங்கதானே?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன், தம்பி. அவன் ஏமாளி இல்லை. அவனுக்கு எல்லாம் தெரியும். நீ சொன்னது பொய் என்றால், ஊசி வேண்டாம் என்று தடுத்தவன் அவன், வாசலை மறித்து நின்றவன் அவன். உன் பொய் ஒன்றுதான் அவனை உயிரோடு வைத்திருக்கிறது. ஆமாம் என்று நான் சொன்னால் மேல் லயத்து இரண்டு கதவுகளும் திறக்காது. இல்லை என்று சொன்னால் இவன் ரப்பர் காட்டுக்குள் போய்க் கயிறு தேடுவான். பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஒம் மேல தப்பில்லப்பா" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப யாரு மேல பெரியம்மா?" என்று கேட்டான்.

என்னால் உன் பெயரைச் சொல்ல முடியவில்லை. நான் பெற்ற பிள்ளை நீ. பிள்ளைக்குப் பால் கரைக்கப் போய்விட்டேன். அவன் மலைக்குப் போனான்.

அவனுக்கு நீ வந்து பதில் சொல். வீடியோவில் வேண்டாம், அவன் வாசலில் வந்து சொல். அதற்கு முன்னால் இந்தக் காகிதம் கதவில் ஏறாது, அவன் இதைத் தனியாக நின்று படிக்கக் கூடாது. நீயும் பிழை செய்துவிட்டாய், அவன் மட்டும் தனியாகப் பிழை செய்யவில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அதை என்னால் கொடுக்க ஏலாது, மிஸ்ஸியால் ஏலாது, நீ ஒருத்தன்தான் கொடுக்க முடியும். மேல் லயத்துக்காரிகளும் அன்றைக்குத்தான் கதவைத் திறப்பார்கள். இங்கே வந்தால் அடி விழும் என்று நீ பயப்பட்டால், நான் உன் பக்கத்தில் நிற்கிறேன். யாராவது கையை ஓங்கினால் முதலில் என் மேல் படட்டும். நீ வராமல் இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் மோகன் மறுபடி பிள்ளையைக் கொண்டு வருவான். மறுபடி கேட்பான்.

அம்மா